கழித்ததா, கழிக்காததா

இதைப் போனில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. நீ படித்தாயா, விரலால் தள்ளிவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. நேரில் சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக நேரில் சொல்ல முடியாதவன் இந்த வாரம் மட்டும் சொல்லிவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உன்னை நான் திட்டியது நாலு பேர் முன்னால், நடுத்தெருவில். வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக இதைச் சொன்னால் அது நியாயம் ஆகாது. உன் பெயரை எழுதவில்லை. லூமுட் கடற்படைத் தளத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் படித்தால் உனக்குச் சங்கடமாக இருக்கும்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. நீ பிறந்தபோது எனக்கு இருபது. தொழில்நுட்பப் பள்ளியில் சான்றிதழ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தெருமுனை ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ ஆற்றுகிற அண்ணன் இன்றைக்கும் உன்னை என் தம்பி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தலை நரைத்த அப்பாக்கள் எழுதுவதுபோல நிதானமாக எனக்கு எழுத வராது. இரும்பை அளந்து, கண்ணாடியை அளந்து, வெட்டி, மாட்டித்தான் பழக்கம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன வாரம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து உன் சித்தி கூப்பிட்டாள். அடுத்த மாதம் உன்னைச் சபா மாநிலத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது பரவாயில்லை. பிறகு சொன்னாள்: "மாமா, பையன் வந்துட்டுப் போனான். சாப்புட்டுக்கிட்டே இருந்தவன் கைய வச்சிட்டு அழுவுறான். அம்மா கடைசியா வானத்தக்கூட பாக்காம போனதுக்கு அவன் எழுதுன அளவுதான் காரணமாம். ஒங்களுக்குத் தெரியுமா, அவன் இப்புடி நெனச்சுக்கிட்டு இருக்கான்னு?" தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

அம்மா படுத்திருந்த அறையின் சன்னலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அந்த அறைக்குள் போவதில்லை. லீவில் வந்தால் கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறாய், விடிந்ததும் பஸ் என்று கிளம்பிவிடுகிறாய். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அதில் லூவர் இருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கிற கண்ணாடிப் பட்டைகள், எட்டு. இரண்டு பட்டை முன்பு குடியிருந்தவர் காலத்திலேயே உடைந்து போயிருந்தன. அந்த இடத்தில் பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டி நான்தான் செருகினேன், ஒரு வாரத்துக்கு என்று சொல்லி. அந்தத் தகரம் பதினொரு வருடம் இருந்தது. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய இந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு நான் சன்னல் மாட்டியிருக்கிறேன். ஈப்போவில் அடுக்குமாடி ஒன்றில் பதினேழு மாடிக்கும் மாட்டியிருக்கிறேன். உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "ஊருக்கெல்லாம் சன்னல் மாட்டுற ஆளு. எங்க வீட்ல பாருங்க, கிரீம் கிரேக்கர்ஸ்." நானும் சிரிப்பேன். அடுத்த மாசம் என்பேன். மழைக்காலம் போகட்டும் என்பேன். பேராக்கில் மழைக்காலம் எப்போது போகிறது?

மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்ட திங்கட்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீதான் காரின் பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சில வாரங்கள் என்றார். உன்னிடம் நான் சில மாதங்கள் என்று சொன்னேன். எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால், எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். படுத்தபடியே அவளுக்கு எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டியின் துணிக்கொடி தெரியும். அதற்கு மேலே சுண்ணாம்புக் குன்றின் ஒரு துண்டு தெரியும். அந்தக் கொடிதான் அவளுக்கு வானிலை அறிக்கை. "ஆன்ட்டி இன்னிக்குப் போர்வை காயப் போடல. மத்தியானம் மழ வரும்லா, நம்ம துணிய எடுத்துருங்க." சொன்னபடி வரும். வந்த மழை அந்தப் பிஸ்கட் தகரத்தின் ஓரமாக உள்ளே அடித்து அவள் கால்மாட்டை நனைக்கும். கட்டிலைத் தள்ளிப் போடலாம் என்றால் வேண்டாம் என்பாள். கொடி தெரியாது.

அவள் எதையும் கேட்டவள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கலர் சேலை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை கேட்டாள். "என்னாங்க, அந்தச் சன்னல மட்டும் கொஞ்சம் பாருங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். உனக்கு நாளைக்கு வீடு என்று ஒன்று வரும், சன்னலும் பழுதாகி ரோசாக் ஆகும், அதனால் கேட்டுக்கொள். முதலில் அளக்க வேண்டும். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது. பிறகு ஃபிரேமும் கண்ணாடியும் செய்யக் கொடுக்க வேண்டும். இரண்டும் வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். காலையில் பெயர்த்தால் மாலைக்குள் மாட்டிவிடலாம். வீடு ஒரு பொழுதுகூடத் திறந்து கிடக்காது. இது முதல் மாதத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம். இதை மறந்த பையன்களை நான் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள், சனிக்கிழமை காலை நான் கடப்பாரையை எடுத்தேன். பதினொரு வருடம் கையை வைக்காதவனுக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. பழைய மரச் சட்டம் கறையான் அரித்து, இழுத்த இழுப்பில் சுவரோடு வந்தது. பட்டறையில் இருந்த அலுமினியத்தை வெட்டி ஞாயிறு மத்தியானத்துக்குள் புது ஃபிரேமை நிறுத்திவிட்டேன். நீதான் பிடித்துக்கொண்டாய். நன்றாகத்தான் நின்றது. பட்டையும் கோடும் இல்லாமல் ஒரே கண்ணாடியாகப் போட வேண்டும், அவளுக்கு முழுத் தெருவும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை.

அந்த இரண்டு நாளும் அவளைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். வந்து போகிறவர்களும் டிவி சத்தமும் அவளால் பொறுக்க, தாஹான் பண்ண முடியவில்லை. என்னை என் கட்டிலிலேயே போடுங்கள் என்றாள், போட்டோம். நான் வெளியே தெருப்பக்கம் அளவு நாடாவோடு நின்றேன், நீ பக்கத்தில் போனோடு நின்றாய். கண்ணாடி இல்லாத வெறும் ஃபிரேம். உள்ளே அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தோம். குன்றுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் இரண்டு திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டு அகலம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்றேன், உயரம் தொள்ளாயிரத்து எண்பத்தாறு என்றேன், அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடு என்றேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிரேமில் கண்ணாடி உட்காருகிற பள்ளத்துக்குக் காடி என்று பெயர். காடியின் முழு அளவுக்குக் கண்ணாடி வெட்டக் கூடாது. வெயிலில் அலுமினியம் விரியும், சுவர் அசையும். கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அதனால் பக்கத்துக்கு ஐந்து மில்லி, மொத்தம் பத்து மில்லி கழித்துத்தான் கண்ணாடி அளவு கொடுக்க வேண்டும். நான் எப்போதும் காடி அளவைக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன், அனுப்புகிற நேரத்தில் கழிப்பேன். அன்றைக்குக் காகிதம் இல்லை. அன்றைக்கு நான் சொன்னது கழிக்காத அளவு.

நீ தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "ப்பா, இது கழிச்சதா, கழிக்காததா?"

"எழுதுடா. கேள்வி கேக்குற நேரமா இது? மழ வருது."

நீ எழுதினாய், அனுப்பினாய். நான் பிளைவுட் பலகையை எடுத்துச் சன்னல் வாய்க்கு அடித்தேன், முதல் துளி விழுவதற்குள். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் கேட்டிருந்தது டெம்பர் கண்ணாடி, அது உடனே கிடைக்காது. அளவுக்கு வெட்டிய பிறகு சூளையில் சுட்டு எடுப்பார்கள். உடைந்தால் கத்திபோல நிற்காமல் அரிசிபோல உதிரும், அதுதான் அதன் குணம். சுட்ட பிறகு ஒரு மில்லிகூடச் சீவ முடியாது. எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளும் அறையில் பகலிலும் குழல் விளக்கு எரிந்தது. நான் பிறந்த தோட்டத்து லயத்தில் சன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. பலகையை ஒரு கம்பால் முட்டுக் கொடுத்துத் திறப்போம், மழை வந்தால் கம்பை எடுத்துவிடுவோம், வீடு இருட்டிவிடும். என் பெண்டாட்டி பிள்ளை அப்படி ஓர் இருட்டில் இருக்கக் கூடாது என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உன்னைக் கேட்பாள், "மணி என்னாடா? வெளிய வெளிச்சமா?" என்று. மூன்றாம் நாள் நீ வந்து சொன்னாய்: "ப்பா, கடையில தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டு இருக்கு. கண்ணாடி வார வரைக்கும் அத அடிச்சு வச்சிரலாமா?" நான் சொன்ன பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "தற்காலிகம்னு ஒண்ணு கெடையாதுடா. தற்காலிகமா வச்சதுதான் பத்து வருஷம் நிக்கும். அந்தப் பிஸ்கட் தகரத்தப் பாத்தியா?" ஐந்தாம் நாள் அவளே சொன்னாள்: "சாதாக் கண்ணாடி வெட்டித் தர மாட்டாங்களா, அரை மணியில? ஏதாச்சும் ஒண்ணப் போடுங்களேன்லா." தருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சமிக்ஞை விளக்கு தள்ளி ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, அரை மணிகூட ஆகாது. நான் சொன்னேன்: "என் வீட்டுக்குச் சாதாக் கண்ணாடி போட மாட்டேன். கால் மாட்டுல இருக்கு, ஒடஞ்சா கிழிச்சிரும். மாட்டுனா, பாசாங் பண்ணா, ஒழுங்கா பண்ணணும்."

நான் சொன்னது எல்லாம் தொழில்முறைப்படி சரி. யாரைக் கேட்டாலும் சரி என்பார்கள். இருபது வருடம் நிற்கிற சன்னல் அது. அவளுக்கு இருந்தது பதிமூன்று நாள். அதிக நாள் இல்லை என்று எனக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருந்தார். சாதாக் கண்ணாடியை மாட்டினால் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்று அடம் பிடித்தது. நல்ல வேலை செய்தால் நாள் கூடும் என்று நினைத்தேனோ என்னவோ. படித்தவன், சான்றிதழ் வைத்திருப்பவன், இப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை லோரி வந்தது. இரண்டு பேர் உறிஞ்சுப்பிடியை வைத்துத் தூக்கினார்கள், நான் கீழ் விளிம்பைக் காடியில் வைத்தேன், மேலே போகவில்லை. ஒரு மூலை உள்ளே போனால் மறு மூலை வெளியே நின்றது. நாடாவை வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, தொள்ளாயிரத்து எண்பத்தாறு. காடி அளவே வந்திருக்கிறது. லோரிக்காரர் சீட்டை எடுத்து நீட்டினார். "அண்ணே, பேப்பர்ல என்னா இருக்கோ அதான் கண்ணாடி. நீங்க அனுப்புனதுதான்." அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ கேட்டதும், நான் சொன்னதும், இரண்டும் ஞாபகம் வந்தன. அதை நன்றாகப் படித்துக்கொள்: உன்னைத் திட்டத் திரும்பியபோது எனக்கு ஞாபகம் இருந்தது. லோரிக்காரர் இருந்தார், அவர் உதவியாள் இருந்தான், எதிர் வீட்டு ஆன்ட்டி வாளியோடு நின்றார், மூலை வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னாடா? கழிச்சதா கழிக்காததான்னு ஒரு வார்த்த? வாயில என்னா, கொழுக்கட்டையா?"

லோரிக்காரர், "விடுங்கண்ணே, சின்னப் பையன்" என்றார். "சின்னப் பையனா? பதினெட்டு வயசு. அவன் அம்மா அங்க இருட்டுல கெடக்குறா, இவன் கேக்காம எழுதியிருக்கான்" என்றேன். நீ வாயைத் திறந்தாய். கேட்டேனே என்று சொல்லப் போகிறாய் என்று நான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன் என்றும் நினைக்கிறேன். நீ மூடிக்கொண்டாய். உன் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே கேட்டோமா, கேட்க நினைத்து விட்டுவிட்டோமா என்று உனக்கே சந்தேகம் வந்த முகம் அது. அத்தனை உறுதியாக அப்பா சொல்கிறாரே என்று உன் ஞாபகத்தை நீயே கைவிட்டாய். அன்றைக்கு நான் செய்ததிலேயே மோசமானது அதுதான்.

நீ கேட்டாய். எனக்குக் கேட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

இன்னொருவருக்கும் கேட்டிருந்தது. லோரி போன பிறகு பலகையைத் திருப்பி அடித்துவிட்டு உள்ளே போனேன். உன்னைக் காணவில்லை, எங்கேயோ நடந்து போயிருந்தாய். "என்னாங்க, இங்க வாங்க" என்றாள். குரல் அப்போதே மெலிந்துவிட்டது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பையன் கேட்டான்ல?"

"என்னா கேட்டான்?"

"கழிச்சதா கழிக்காததான்னு. அன்னிக்கு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சன்னலே இல்ல, காதுகிட்ட பேசுற மாதிரி கேட்டுச்சு. நீங்கதான் எழுதுடான்னு சத்தம் போட்டீங்க."

நான் போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"அதுக்கு என்னா அர்த்தம்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா கேட்டான். அவங்கிட்ட சொல்லிருங்க, நீ கேட்ட, நான்தான் சொல்லலன்னு. அவன் ஒங்கள எதுத்துப் பேச மாட்டான். உள்ளயே வச்சுக்குவான்."

"சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுங்க. அடுத்த மாசம்னு சொல்லிறாதீங்க." சிரித்தாள்.

மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது முதல் கேள்வியே அதுதான். "சொன்னீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். "என்னா சொன்னான்?" ஒண்ணும் சொல்லல, சிரிச்சான் என்றேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்த பிறகாவது வெளியே வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ சமையலறையில்தான் இருந்தாய், அவள் மருந்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு. நான் உன்னைத் தாண்டிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, அவள் போய்விட்டாள். சரியான அளவில் கண்ணாடி கருமாதிக்கு முதல் நாள் வந்தது. நான் தனியாகவே மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகாது.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் அவளிடம் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதைச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குள் நீ கடற்படைக்கு மனுப் போட்டாய். இயந்திரப் பட்டறைப் பயிற்சி முடிந்த விழாவுக்கு நான் வந்திருந்தேன் அல்லவா? உன் அதிகாரி என்னிடம் வந்து, உங்கள் மகன் எந்த அளவையும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்யாமல் ஒரு நட்டைக்கூட முடுக்க மாட்டான், நல்ல வளர்ப்பு என்று கை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன் அந்தக் கையை. வீட்டுக்குப் போன் செய்தாலும் நீ அப்படித்தான். "பஸ் ஒன்பதுக்குத்தானே? ஒன்பதுதானே? சரியாக் கேட்டுக்கிட்டேனா?" என் எரிச்சல் குணத்துக்கு நான் ஒரு தடவைகூட உன்னிடம் சலித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? எந்த வாயால் சலித்துக்கொள்வேன்.

நீ மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன், சித்தியிடம் நீ சொன்னதில் ஒன்று தப்பு. அம்மா வானத்தைப் பார்க்காமல் போகவில்லை. பலகை அடித்திருந்த நாட்களில் நீ காலையில் தெருவில் நின்று போனில் படம் பிடித்து உள்ளே கொண்டுவந்து காட்டுவாய். துணிக்கொடி, குன்று, மேகம், ஆன்ட்டி உன்னைப் பார்த்து என்னாடா படம் புடிக்கிற என்று மலாயில் திட்டுவது. "இன்னிக்கு நாலு சட்ட, ஒரு கைலி, போர்வையும் இருக்கும்மா" என்று நீ படிக்க, "அப்ப வெயில்தான்" என்று அவள் சொல்வாள். நான் வாசலில் நின்று பார்த்து, வேலையைப் பார்க்காமல் விளையாடுகிறான் என்று முனகியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையும் காட்டினாய். அதுதான் கடைசி. அவள் கடைசியாகப் பார்த்த தெரு நீ காட்டியது. சன்னல் வேலை தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காடிக்குள் போகாத அந்தப் பெரிய கண்ணாடி இத்தனை நாள் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றது. நீ வரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உனக்குக் காட்டத்தான் அப்பா வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பாய். எனக்காகத்தான் வைத்திருந்தேன், ஆனால் உனக்கு அதை எப்படித் தெரியும். சுட்ட கண்ணாடி வேறு எந்த வேலைக்கும் ஆகாது. நேற்று மத்தியானம் பழைய போர்வையைப் போர்த்தி, மூலையில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளேயே உதிர்ந்தது. மூன்று வாளி.

புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மாதிரிக் கடிதங்கள் எழுதுவார்களாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சபாவில் உனக்குக் கீழே பையன்கள் வேலை செய்வார்கள். யாராவது கேள்வி கேட்டால், மழை வந்தாலும், வாயில் திருகாணி இருந்தாலும், அதைத் துப்பிவிட்டுப் பதில் சொல். நாளைக்கு ஒருத்தியைக் கட்டிக்கொள்வாய். அவள் ஒன்றைக் கேட்டால் நல்லதாகச் செய்து தருகிறேன் என்று தள்ளிப் போடாதே, இருப்பதை வைத்து அன்றைக்கே செய். நல்லதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்று. ஒருவன் உறுதியாகப் பேசுகிறான் என்பதற்காக உன் ஞாபகத்தை விட்டுக்கொடுக்காதே. அவன் உன் அப்பனாக இருந்தாலும்.

உன்னை வீட்டுக்கு வரவழைக்க இதை எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்கிற பாரத்தை உன் தலையில் வைத்ததாகிவிடும், வைத்ததே போதும். சபாவுக்குப் போ, நன்றாக இரு. கோபம் வந்தால் கோபப்படு. போனில் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டு, நான் எடுப்பேன். எடுத்த பிறகு நீ பேசாமலும் இருக்கலாம், அது உன் இஷ்டம். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். இத்தனை நாள் அந்த அறைக்குள் நீ போகாமல் இருந்தது உன்மேல் உனக்கிருந்த வெறுப்பால். இனி இந்த வீட்டுப் பக்கம் வராமல் இருக்க உனக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால், அது நானாக இருக்கட்டும்.

அப்பா